பன்னிரண்டாம் நாள் போட்டோ

"தலையை இன்னும் கொஞ்சம் குனிங்கப்பா. மூஞ்சியில கொஞ்சமாவது பயம் தெரிய வேணாமா?"

ரோந்துப் படகின் தளத்தில் கைகள் கட்டப்பட்டு, கால்களை மடக்கி வரிசையாக உட்கார்ந்திருந்த ஐந்து எதிரி நாட்டுக் கடற்படைக்காரர்களும் குனிந்தார்கள். நடுவில் இருந்த தொப்பைக்காரருக்கு மட்டும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"யோவ், நீ கைதிய்யா! கைதி சிரிச்சா எங்க நாட்டு மானம் என்னாவறது?" என்று அதட்டினார் கேப்டன்.

"சீக்கிரம் எடுங்க. வெளிச்சம் போகுது" என்றார் தொப்பைக்காரர்.

கேப்டன் எடுத்தார், அனுப்பினார். இது பன்னிரண்டாம் நாள் போட்டோ. கைதிகள் உயிரோடும் காவலோடும் இருக்கிறார்கள் என்பதற்குத் தலைமையகத்துக்குத் தினம் ஒரு போட்டோ போயாக வேண்டும் என்பது உத்தரவு.

ஒரு வழியாக அந்த வேலை முடிந்ததென்று, மடங்க மறுக்கும் வலது முழங்காலைத் தேய்த்தபடி கம்பியில் சாய்ந்தார். ஊரே அவரை மாவீரன் என்று கொண்டாடிக்கொண்டிருந்தது. அவருக்கோ எப்போது மாட்டிக்கொள்வோமோ என்ற கவலை.

காரணம் காலடியில் இருந்தது. இரண்டு நாடும் "என்னுது, என்னுது" என்று அடித்துக்கொள்ளும் அந்தக் கடலில், விரட்டின வேகத்தில் படகு மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. முப்பத்தொரு வருஷ சர்வீஸில் ஒரு கரும்புள்ளி இல்லை, அடுத்த மாதம் ஓய்வு. விஷயம் வெளியே தெரிந்தால் பிரிவு உபசார விழாவுக்குப் பதிலாக விசாரணைக் கமிஷன்தான்.

நாளை மறுநாள் அமாவாசை. தண்ணீர் ஏறினால் படகு தானாக மிதந்துவிடும். அதுவரை ஒருத்தரும் நேரில் வந்து பார்க்கக் கூடாது.

போன் அலறியது. தலைமையகத்திலிருந்து அட்மிரல்.

"பிரமாதம்யா! அது சரி, பிடிச்சுப் பன்னெண்டு நாளாச்சே, இன்னும் ஏன் கரைக்குக் கொண்டு வரல?"

"கடல் பயங்கரக் கொந்தளிப்பு சார்."

கடல், தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது.

"அப்படியா? நாளைக்குக் காலைல போர்க்கப்பலை அனுப்பறேன். அதுல ஏத்தி விட்டுடு."

கேப்டன் கம்பியை விட்டு விருட்டென்று நிமிர்ந்தார். "வேண்டாம் சார்! நாம கப்பல் அனுப்பினா அவங்களும் அனுப்புவாங்க. யுத்தமாயிடும். ரெண்டே ரெண்டு நாள் பொறுங்க சார்."

"இந்தப் பொறுப்பு யாருக்குய்யா வரும்!" அட்மிரலின் குரல் தழுதழுத்தது. "இன்னொண்ணு. நம்ம ஆளுங்க அஞ்சு பேரைப் பிடிச்சு வச்சிருக்கறதா அவனுங்க புளுகறானுங்க. அவங்க தூதரைக் கூப்பிட்டு டோஸ் விட்டோம். பதிலுக்கு நம்ம தூதரைக் கூப்பிட்டு அவங்க டோஸ் விட்டாங்க. உன் படகுல எத்தனை பேரு?"

"என்னோட சேர்த்து அஞ்சு பேர் சார். அஞ்சு பேரும் இங்கதான் இருக்கோம்."

"அதானே! புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாம்? மறுப்பு அறிக்கையை நானே எழுதறேன்."

போர்க்கப்பல் என்ற கண்டத்தைத் தாண்டியதில் கேப்டனுக்கு மூச்சு வந்தது. அந்தத் தெம்பிலேயே வீட்டுக்குப் போன் போட்டார்.

"தெரு முழுக்க உங்க படம்தாங்க" என்றாள் மனைவி. "டி.வி.ல கடலையே பார்க்காத நாலு பேர் உட்கார்ந்து, தினம் சாயங்காலம் விரலால எல்லைக்கோடு போடறாங்க. எனக்குத்தான் மனசு சரியில்ல."

"ஏன், என்னாச்சு?"

"அந்த நாட்டு டி.வி.ல ஒரு போட்டோ காட்டறாங்க. நம்ம ஆளுங்க அஞ்சு பேராம். எல்லாரும் தலையைக் குனிஞ்சிருக்காங்க, மூஞ்சி தெரியல. அதுல ஒருத்தர் மட்டும் ஒரு காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். பாவம், யார் பெத்த பிள்ளையோ! பார்த்ததுலேர்ந்து சோறு இறங்கலைங்க."

"அசடு! அதெல்லாம் ஏமாத்து வேலை. கைதி கையில யாராவது போன் குடுப்பாங்களா? நான் உன்கூடப் பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"எனக்கு மெடலும் வேணாம், மாலையும் வேணாம். நீங்க முழுசா வந்து சேர்ந்தாப் போதும்."

கேப்டன் போனை மறு காதுக்கு மாற்றினார். இத்தனை வருஷத்தில் அவளிடம் அவர் ஒன்றை மறைப்பது இதுதான் முதல் தடவை. "நாலு நாள்ல வந்துடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சூரியன் கடலைத் தொட இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. கேப்டன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவருடைய ஆட்கள் நாலு பேரும் கைதிகளின் கட்டை அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்கள். நல்ல கயிறு என்று இருந்தது அது ஒன்றுதான்.

பத்து பேரும் கீழே இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து, அதே மணலில் ஒருக்களித்துக் கிடந்த எதிரிப் படகில் ஏறினார்கள். தொப்பைக்காரர் தன்னுடைய கேப்டன் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தன் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"தலையைக் குனிங்கண்ணே! இன்னிக்காவது அந்தக் காலை மடக்கி உட்காருங்க, அண்ணி கண்டுபிடிச்சிடப் போறாங்க!"