ஆணிபட்ட செயின்

"இந்தக் கம்பெனிக்கு இங்க டீலரே கிடையாதுங்க," என்று நாலாவது கடைக்காரரும் கையை விரித்தார்.

மச்சானுக்கு முகம் தொங்கிப்போனது. மரம் அறுக்கும் அந்த மெஷின், மாப்பிள்ளையின் எதிர்வீட்டுக்காரருக்கு அவர் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. மாப்பிள்ளைதான் இரவல் வாங்கிக் கொடுத்தார். மச்சான் ஸ்டார்ட் செய்து தன் வீட்டு மரத்தில் வைத்ததுதான் தாமதம், செயின் அறுந்துவிட்டது.

"உங்க பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டேன் மாப்ள. அந்த மனுஷன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"விடுங்க மச்சான். வேற கடை பார்ப்போம்." காலையிலிருந்து மாப்பிள்ளைதான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் அறுந்த செயினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆணியில பட்டதுங்க. பல்லெல்லாம் மழுங்கிக் கிடக்கு பாருங்க."

"என் மரத்துல ஏதுங்க ஆணி?" என்றார் மச்சான்.

"உள்ள எங்கயாவது இருந்திருக்கும்," என்று மாப்பிள்ளை அவசரமாக வண்டியைக் கிளப்பினார்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் இறங்கியதும் மச்சானுக்குக் கண் கலங்கியது. "கூடப் பிறந்தவன்கூட இப்படி அலைய மாட்டான் மாப்ள. கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போறேன்."

வாசலில் ஒரு அடிக்கட்டை இருந்தது. மெஷினை மச்சானிடம் கொடுப்பதற்கு முந்தின நாள், மாப்பிள்ளை அதே மெஷினால் அறுத்துச் சாய்த்த மரம். மச்சான் அதை நோக்கி நடந்தார். மாப்பிள்ளை முந்திக்கொண்டு போய் அதன்மேல் உட்கார்ந்தார்.

"உள்ள நாற்காலி இருக்கு மச்சான்."

நாயைக் கட்ட அவரே என்றோ அடித்த ஆணி, பாதி அறுபட்டு நிமிர்ந்து நின்றது. நன்றாகவே குத்தியது. அவர் எழுந்திருக்கவில்லை.