வேறொரு குரல்

"என் குரலை எடுத்துடு டேரல். வேற யாரையாவது பேச வை."

டேரலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில், எடிட்டிங் அறையில் ஆறு வாரமாக வெட்டி ஒட்டிய படம். லோர்னா ஆன்ட்டி பின்னணியில் கதை சொல்லித்தான் அதற்கு உயிரே வந்திருந்தது.

"வெளையாடாதீங்க ஆன்ட்டி! படத்துல இருக்கிறது காஞ்ச ஆறு. நீங்க பேசினாத்தான் பார்க்கிறவங்க கண்ணு முன்னால அதுல தண்ணி ஓடுது."

"யாராவது வெள்ளைக்காரப் பொண்ணைப் படிக்கச் சொல்லு."

"அவளுக்கு ஆத்துப் பேரே வாயில நுழையாது! உங்க பிள்ளைங்க பார்க்கணும்னுதானே இந்தப் படமே எடுத்தோம்?"

"அதுக்குத்தான்டா சொல்றேன். போன மாசம் ஹால்ல போட்ட படத்துல, செத்துப்போன கிளெம் குரல் வந்ததும் அவன் வீட்டுச் சனம் என்ன பண்ணிச்சு?"

"எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க. செத்தவங்க குரலை நம்ம பழங்குடிச் சனம் கேக்கக் கூடாதில்ல? நீங்கதான் குத்துக்கல்லாட்டம் இருக்கீங்களே!"

லோர்னா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படம் எப்போ வருது?"

"செப்டம்பர்ல."

"எனக்கு ஜூலையோட சரின்னுட்டார் டாக்டர்."

டேரல் வெகுநேரம் கழித்து அவள் குரலை அழித்தான். திரையில் வெறும் மணல் கிடந்தது.