அஞ்செழுத்துக்கு ஒரு சொல்

ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் கங்காதரன் தந்தி அடித்தால், காட்பாடி வரைக்கும் கம்பத்துக் காக்கைகள் கூண்டோடு காலி செய்யும். நிமிடத்துக்கு முப்பது சொல்! பரீட்சையில் இருபத்தைந்து அடித்தாலே போதும். மெட்ராசில் பெரிய உத்தியோகம்.

கூட வேலை பார்த்த ஜம்புலிங்கம்தான் மாதக்கணக்கில் வாசகம் எழுதிக் கொடுத்து, கடிகாரம் பிடித்து, சொற்களை எண்ணினான்.

பரீட்சை அதிகாரியோ எழுத்துகளை எண்ணினார். "நிமிஷத்துக்கு எழுபத்தஞ்சு எழுத்து. அஞ்செழுத்து ஒரு சொல்லுன்னு வகுத்தா பதினஞ்சுதான் வருது. ஃபெயில்!"

கங்காதரன் அடுத்த ரயிலில் திரும்பி வந்து ஜம்புலிங்கத்தின் சட்டையைப் பிடித்தான்.

"துரோகி! ரெண்டெழுத்து, மூணெழுத்துச் சொல்லா பொறுக்கிப் பொறுக்கிக் குடுத்தியே! அஞ்செழுத்துக் கணக்கு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்டா."

"அந்த வேலை மேல உனக்குக் கண்ணா?"

"நான் பரீட்சைக்கே போவலியே. ஒருத்தங்க கண்ணுல தண்ணி விட்டுக் கேட்டாங்க. பேரைச் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன். வூட்டுக்குப் போடா."

"தோஸ்துன்னு நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

வீட்டில் மனைவி பூரணி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"போன காரியம் இன்னா ஆச்சுங்க?"

"மெட்ராஸ் இல்லேன்னு ஆயிடுச்சு. அந்த ஜம்பு கழுத்தறுத்துட்டான்."

பூரணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"பள்ளிகொண்டா பெருமாளுக்கு நேர்ந்துகிட்டிருக்கேன், எப்பங்க போலாம்? ஜம்பு அண்ணனையும் கூப்புடுங்க. பாவம், அம்மா ஊரை வுட்டு நான் போகக்கூடாதுன்னு அவரும் எம்மாம் பாடுபட்டாரு!"