பன்னிரண்டாவது படி

“மேல வுட முடியாதும்மா. காலு வராத ஆளு. உச்சிலேர்ந்து வுழுந்தா யாரு ஜவாப்பு சொல்றது?” பறவை பார்க்கும் கோபுரத்தின் வாசலை மறித்து நின்றார் ஏரிக் காவலர்.

“உத்திரமேரூர்லேர்ந்து பலகை வண்டில வெச்சித் தள்ளிக்கினு வரேண்ணே. உக்காந்தா எம் புருசனுக்குக் கரை மறைக்குது. பறவைங்க வேற கெளம்பிக்கினு கீதுங்க. ஒரே ஒரு தபா!” பட்டம்மா அவர் காலில் விழுந்தாள்.

“எந்திரும்மா! மூணு வருசமா, சீசனுக்கு சீசன் இதே பேஜாரு. என் வேலை பூடும்.”

அதற்குள் வரதன் வண்டியிலிருந்து சரிந்து இறங்கி, கைகளை ஊன்றிப் படியேற ஆரம்பித்துவிட்டான். மூன்றாவது படியிலேயே முழங்கை உரிந்து ரத்தம் வந்தது.

“யோவ், எறங்குய்யா! வுழுந்துடுவே!”

வரதன் நிற்கவில்லை. “பன்னெண்டாவது படிதான் கஷ்டம். ஒயரம் ஜாஸ்தி. அப்பவே மேஸ்திரிகிட்ட சொன்னேன், கேக்கல.”

“உனக்கு எப்பிடிய்யா தெரியும்?”

“இத்தக் கட்டுன கொத்தனாரு நான்தாண்ணே. கடைசி நாளு உச்சிலேர்ந்து வுழுந்தேன்.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “அப்போ ஏரி காஞ்சி கெடந்துச்சு. ஒரு பறவைகூட இல்ல.”