ஏரி தெரியாத இடம்

"ஏரி தெரியற இடம் வேண்டாம்மா," என்றார் எல்வுட் பிராண்ட். "அந்தப் பைன் மரத்துக்கு எதிர்ல ஒண்ணு காலியா இருக்கே, அதக் குடுங்க."

மார்லிஸ் பேனாவைக் கீழே வைத்தாள். காருக்குப் பின்னால் கேரவன் என்ற வீட்டு வண்டியை இழுத்து வருகிறவர்கள் தங்கும் லூன் முனை முகாமை அவளும் கணவன் கோர்டியும் நடத்தத் தொடங்கிப் பத்தொன்பது கோடைகள் ஆகின்றன. அவர் கேட்ட இருபத்தொன்றாம் இடத்தை இதுவரை ஒருவரும் கேட்டு வாங்கியதில்லை. அங்கே உட்கார்ந்தால் தண்ணீர் தெரியாது. முகாமுக்குள் வரும் மண்சாலையின் வளைவும், வளைவை ஒட்டித் தடித்து நிற்கும் மரமும்தான் தெரியும்.

எல்வுடுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். அவர் மனைவி ஆர்டிஸ், இன்றைக்கு எத்தனை கேரவன் வரும், எத்தனை மணிக்கு வரும், புதிதாக ஓட்டுகிறவர்கள் யாராவது உண்டா என்று வரிசையாக விசாரித்தார். இந்தக் கோடையில் அவர்கள் வந்து பார்க்கும் நான்காவது ஏரியாம் இது.

மற்ற மூன்றிலும் என்ன குறை என்று மார்லிஸ் கேட்டாள்.

"ஒரு குறையும் இல்ல. வழியெல்லாம் நல்ல அகலம்," என்றார் ஆர்டிஸ். "அதான் கிளம்பிட்டோம்."

அவர்கள் வெளியே போனதும் மார்லிஸ் விறகுக் கொட்டகைக்கு ஓடி, வந்துவிட்டார்கள் என்று கோர்டியிடம் சொன்னாள். யார் என்று அவன் கேட்கவில்லை. மூன்று வாரமாக இருவரும் அந்தப் பயத்தோடுதான் தூங்கி எழுந்தார்கள்.

போன மாதம் ஒருவர் தன் கேரவனைப் பின்னால் எடுக்கும்போது அந்த மரத்தில் இடித்துவிட்டார். அவர் மனைவியைக் குறை சொன்னார், மனைவி மரத்தைக் குறை சொன்னாள், கடைசியில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து முகாமைக் குறை சொல்லி மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினார்கள். அதிகாரி ஒருவர் சொல்லாமல் வந்து பார்ப்பார், வளைவு ஆபத்து என்று பட்டால் முகாமை மூடச் சொல்வார் என்று அங்கிருந்து கடிதம் வந்தது.

மரத்தை வெட்டவும் வழியில்லை. உச்சியில் கழுகு கூடு கட்டியிருந்தது. அதில் கைவைத்தால் அது தனி வழக்கு. வடக்கில் கோடை என்பதே மூன்று மாதம்தான், அதை இழந்தால் முகாமை விற்றுவிட்டு ஊரைப் பார்த்துப் போக வேண்டியதுதான்.

கோர்டி எட்டிப் பார்த்தான். கிழவரும் கிழவியும் ஏரிக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய கிண்ணம்.

"அதிகாரி பாப்கார்ன் எல்லாம் எடுத்துட்டு வருவாரா?"

"அதெல்லாம் வேஷம். நீ ஆரஞ்சுச் சட்டையப் போட்டுட்டு வளைவுல போய் நில்லு."

நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை பதினோரு கேரவன்கள் வந்தன. ஒவ்வொன்றையும் கோர்டியே வளைவில் நிறுத்தினான். பின்னால் நின்று வழி சொல்ல இறங்கிய மனைவிமார்களை மார்லிஸ் கையோடு அலுவலகத்துக்கு அழைத்துப் போய்க் காப்பி கொடுத்து உட்கார வைத்தாள். கணவன்மார்களுக்குக் கோர்டி கையைக் காட்டி, அங்குலம் அங்குலமாக உள்ளே விட்டான்.

ஏழாவதாக வந்தவர் மட்டும் இரட்டைப் பெண் குழந்தைகளை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, மரத்துக்கும் சாலைக்கும் நடுவே காலால் அளந்து பார்த்தார். புது ஆள், பயப்படுகிறார் என்று கோர்டி அவரிடம் இன்னும் பொறுமையாக இருந்தான்.

ஆறு மணிவாக்கில் மார்லிஸ், இலவச விறகு கொடுக்கும் சாக்கில் இருபத்தொன்றாம் இடத்துக்குப் போய்வந்தாள். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரி, வரிக்கு இரண்டு கட்டம். எல்லாக் கட்டத்திலும் சுழியம்தான். எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, "பரவாயில்ல," என்று மட்டும் சொன்னார் எல்வுட். முகம் வாடியிருந்தது. குறை கிடைக்காத அதிகாரியின் முகம் அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அலுவலகக் கதவுக்கு அடியில் ஒரு காகிதம் கிடந்தது. மாவட்ட முத்திரை இருந்தது. வளைவு குறுகல்தான், ஆனால் முகாமின் மேற்பார்வை சிறப்பாக இருப்பதால் தொடர்ந்து நடத்தலாம் என்று எழுதி, புரியாத கையெழுத்து ஒன்று போட்டிருந்தது.

மார்லிஸ் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சூடான ரூபார்ப் கேக்கோடு இருபத்தொன்றாம் இடத்துக்கு நடந்தாள். அங்கே அவர்கள் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பணம் கட்டியதில் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது.

"எங்களப் பாஸ் பண்ணிவிட்டதுக்கு நன்றி சார்," என்றாள்.

எல்வுட் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது நான் இல்லம்மா. ரெட்டைப் பொண்ணுங்களோட வந்தாரே, தரையக் காலால அளந்தாரே, அவர்தான் காலைல உங்க கதவுகிட்ட குனிஞ்சுகிட்டிருந்தாரு."

மார்லிஸின் கண் நோட்டுப் புத்தகத்துக்குப் போனது. "அப்ப இது எதுக்கு சார்?"

"இடது கட்டம் புருஷனுக்கு, வலது கட்டம் பொண்டாட்டிக்கு," என்றார் எல்வுட். "உங்க மரத்தப் பத்தி எங்க ஊர்ல அவ்வளவு ஒசத்தியா சொன்னாங்க."

ஆர்டிஸ் காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

"பதினோரு வண்டி வந்துச்சு, ஒரு ஜோடிகூட சண்டை போடலையே."