சாவி கிடந்த ஸ்டூல்

"வந்துட்டான் பாரு, பெத்த பிள்ளையைக் காருக்குள்ள விட்டுக் கொன்னவன்!"

மச்சானின் குரல் தெருவுக்கே கேட்டது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

அவன் வாசலிலேயே நின்றான். கையில் ஒரு பை. மனைவிக்கு மாற்றுத்துணி.

"உள்ள வராதே. அங்கேயே நில்லு."

நின்றான்.

குழந்தை போய் இரண்டு மாதம். அன்றிலிருந்து மனைவி அண்ணன் வீட்டில்தான் கிடக்கிறாள். அவன் ஞாயிறுதோறும் வருகிறான். ஞாயிறுதோறும் இதே வரவேற்பு.

நடந்தது ஊருக்கே தெரியும். நாலு வயசுப் பிள்ளை. ரிமோட் சாவி என்றால் அவளுக்கு உயிர். பட்டனை அமுக்கினால் கார் 'கீக்' என்று கத்தி விளக்கைச் சிமிட்டும். கைகொட்டிச் சிரிப்பாள்.

அன்று மதியம், வீட்டில் கைக்கு எட்டுகிற ஸ்டூலில் சாவி கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடினாள். காரின் பின்பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினாள். பட்டனை அமுக்கினாள். பூட்டிக்கொண்டது. சாவி கை நழுவி சீட்டுக்கு அடியில் போய்விட்டது. பின்கதவில், உள்ளிருந்து திறக்க முடியாதபடி குழந்தைகளுக்கான லாக் வேறு. ஓடுகிற காரில் பிள்ளை கதவைத் திறந்துவிடக் கூடாதே என்று போட்டது.

வெளியே வெயில் கொளுத்தியது. அம்மா காய்ச்சலோடு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்து, கட்டிலுக்கு அடியில் தேடி, பாத்ரூமில் தேடி, தெருவில் தேடி, கடைசியில்தான் காருக்குள் பார்த்தாள்.

'சாவியை ஸ்டூல்ல போட்டுட்டு அச்சகத்துக்கு வேலைக்குப் போனது நான்தான்.' போலீஸ் கேட்டபோதும், சொந்தபந்தம் கேட்டபோதும் அவன் சொன்னது இது ஒன்றுதான்.

"எத்தனை தடவை சொல்லியிருப்பா என் தங்கச்சி? சாவி என்ன விளையாட்டுச் சாமானா, உசரத்துல மாட்டுங்கன்னு. சொன்னாளா இல்லையா?" மச்சான் விடவில்லை.

"சொன்னா மச்சான்."

"மச்சான்னு கூப்பிடாதே! அப்புறம் ஏன்டா ஸ்டூல்ல போட்ட?"

"மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? வேளாவேளைக்குச் சோறு திங்க மறந்தியா? சம்பளம் வாங்க மறந்தியா?"

"போதும் விடுங்க. அக்கம்பக்கம் பார்க்குது," என்று அடுப்படியிலிருந்து மச்சானின் மனைவி குரல் கொடுத்தாள்.

"பார்க்கட்டும்! நல்லா பார்க்கட்டும்!"

உள் அறைக் கதவு திறந்தது. மனைவி வந்தாள். நாலு நாளாகப் படுக்கையை விட்டு எழாதவள். தலை சடைபிடித்திருந்தது. கண் எங்கோ ஆழத்தில் இருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து வாசல்வரை வந்தவள், அவன் சட்டையைக் கொத்தாகப் பற்றினாள்.

"ஏன் அங்க போட்டீங்க? ஒரு எட்டு நடந்து ஆணியில மாட்ட முடியலையா? கை மடங்கிப் போச்சா?"

பளார் என்று அறைந்தாள். அவன் முகத்தைத் திருப்பவில்லை. இன்னொரு அறை. அதற்கும் திருப்பவில்லை.

"தண்ணி கேட்டிருக்கும்... கண்ணாடியைத் தட்டியிருக்கும்... எனக்குக் கேக்கலையே! இனி என் கண்ணுல முழிக்காதே. போ!"

கத்திக் கத்தி ஓய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அண்ணி ஓடி வந்து அணைத்து உள்ளே கூட்டிப்போனாள். தட்டை முன்னால் வைத்தாள்.

"ரெண்டு வாய் சாப்பிடும்மா. அவனைத் திட்டவாவது தெம்பு வேணாமா?"

அழுதுகொண்டே அவள் சோற்றை அள்ளி வாயில் வைத்தாள். மறுபடியும் அள்ளினாள்.

வாசலில் நின்றவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன வேடிக்கை? கிளம்புடா!" மச்சான் பையைப் பிடுங்கிக்கொண்டு அவனைத் தோளில் கைவைத்து வெளியே தள்ளினார். பின்னாலேயே வந்து கேட்டை அறைந்து சாத்தினார்.

"ரோஷம் கெட்ட ஜென்மம். திரும்பத் திரும்ப எந்த மூஞ்சியோட வருதோ!" மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி சொன்னது அவன் காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

தெருமுனை திரும்பிச் சற்று நேரம் நின்றிருந்தான். பின்னால் வந்து யாரோ கையைப் பிடித்தார்கள். மச்சான்.

"மாப்பிள்ளை..." குரல் உடைந்திருந்தது. "கன்னம் வீங்கிப் போச்சே."

"அது கிடக்கட்டும். வயிறாரச் சாப்பிட்டாளா?"

"ரெண்டாவது தடவையும் சோறு வாங்கினா. நாலு நாளா தண்ணி தவிர எதுவும் இறங்கல. நீங்க வந்து திட்டு வாங்கிட்டுப் போனாத்தான் அவளுக்கு வாய் திறக்குது."

அவன் தலையாட்டினான்.

"என்னால முடியல மாப்பிள்ளை. நாக்கு கூசுது. எதிர்வீட்டு கேமராவுல நாம ரெண்டு பேரும் பார்த்தோமே. நீங்க வேலைக்குப் போய் ரொம்ப நேரம் கழிச்சு, நீங்க ஆணியில மாட்டிட்டுப் போன சாவியை எடுத்துட்டு வந்து காரைத் திறந்தது அவதானே! கைப்பையை எடுத்துக்கிட்டு, சாவியோட உள்ள போனதும் அவதானே! ஸ்டூல்ல போட்டதும் அவளாத்தானே இருக்கணும்! காய்ச்சல் மயக்கத்துல அவளுக்கே அது ஞாபகம் இல்ல. பக்குவமா எடுத்துச் சொல்லிடலாம். எத்தனை நாளைக்கு உங்களை நான் இப்படி..."

அவன் மச்சானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அடுத்த வாரமும் திட்டுங்க மச்சான். இன்னும் சத்தமா திட்டுங்க. என்னை வெறுத்துக்கிட்டாவது அவ உயிரோட இருக்கட்டும்."