வராத பதினேழாம் நம்பர்

“வாளியும் நீயுமா இங்க உக்காந்தா நோயாளிங்க எங்க உக்காருவாங்க? மாடிப்படியில யாரோ வாந்தி எடுத்திருக்காங்க. போய்த் தொடை, போ!”

ஒருவழியாகப் பெஞ்சில் இடம் உண்டாக்கிவிட்டு, நர்ஸ் கூப்பிட ஆரம்பித்தாள். பதினாறு பேர் வரிசையாக வந்து போனார்கள்.

“பதினேழு! பதினேழாம் நம்பர் யாரு?”

தொண்டை கிழிந்ததுதான் மிச்சம்.

“மூணு வாரமா இதே கதை” என்றார் டாக்டர். “மூணு தடவை வரலைன்னா பேரை அடிச்சிடறதுதானே வழக்கம்? அடிச்சிடுங்க.”

“வேண்டாம் சார். மருத்துவ முகாம்ல எழுதின சீட்டுலயே சர்க்கரை நானூறு, பாதத்துல புண்ணுன்னு இருக்கு. இந்த வாரமும் விட்டா காலையே எடுக்க வேண்டி வரும். வீட்டுக்கே போய் என்னன்னு கேட்டுட்டு வரேன்.”

“உங்களுக்கு வேற வேலை இல்லையா?”

வேலை தலைக்குமேல் இருந்தது. ஆனாலும் ஏழைகள் வராமல் இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடிப் போவதும் நர்ஸின் வேலைதான் என்று சாதிக்கிறவள் அவள். அந்தப் பிடிவாதத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சாயங்காலம் டூட்டி முடிந்ததும் சீட்டிலிருந்த விலாசத்தைத் தேடிப் போனாள். சாக்கடையை ஒட்டி ஒற்றை அறை வீடு. பதினேழாம் நம்பரின் மாமியார் என்று சொல்லிக்கொண்டு ஒரு கிழவி கதவைத் திறந்தாள்.

“உங்க மருமக காலு போயிடும், தெரியுமா? ஏன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறா?”

“ஐயோ, தவறாமப் போறாம்மா! வேலைக்கு நடுவுல அஞ்சு நிமிஷம், சீட்டும் கையுமா போய் உக்காருறாளாம். உக்காந்த சூட்டோட யாரோ எழுப்பி விட்டுடறாங்களாம்.”

“வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?”

“நோயாளின்னு தெரிஞ்சா சூப்பர்வைசர் வேலையை விட்டே நிறுத்திடுவானாம்.”

நர்ஸுக்கு ரத்தம் கொதித்தது. “நோயாளியை எழுப்பி விடறது யாருன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க. அவங்களை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்!”

சத்தம் கேட்டு, பாதத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, நொண்டியபடி மருமகள் வெளியே வந்தாள். நர்ஸைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போனது.

“சிஸ்டர்... நீங்க சொன்ன மாதிரி மாடிப்படியைத் தொடச்சிட்டுத்தானே வந்தேன்? ஏதாவது பாக்கி இருந்துச்சா?”